சின்ன எஞ்சினுக்கு உண்மையான அழுக்கு

கடையிலிருந்து அப்போதுதான் வந்த மாதிரி இரயில் எஞ்சின் ஒன்று உங்கள் மேசைமேல் நிற்பதாக வைத்துக்கொள்வோம். சக்கரங்கள், அவற்றை இணைக்கும் தண்டுகள், புகைபோக்கி, படிகள், கைப்பிடிக் கம்பி எல்லாம் அளவு பிசகாமல் அமைந்திருக்கின்றன. கொதிகலனை ஒட்டிச் செல்லும் சிறு குழாய்களைக்கூட எண்ணிவிடலாம். ஆயினும் பார்த்த மாத்திரத்திலேயே அது பொம்மை என்று தெரிந்துவிடுகிறது. அதில் குறைவது என்ன?

அழுக்குத்தான்!

சிரிக்க வேண்டாம். மாதிரி இரயில்களைச் சேர்ப்பதும் ஓட்டுவதும் பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா முதலிய நாடுகளில் நெடுங்காலமாகப் பலருக்குப் பொழுதுபோக்கு. புதிய எஞ்சினுக்கு வேலை செய்து களைத்த தோற்றத்தைக் கொடுப்பதை அவர்கள் ஒரு தனிக் கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். இதற்கு அவர்கள் கையாளும் எளிய பொருள், ஓவியர்கள் பயன்படுத்தும் பாஸ்டல் என்னும் வண்ணக்கட்டி. கட்டியைச் சுரண்டிப் பொடியாக்கி, மென்மையான தூரிகையால் எஞ்சின் மேல் தடவுகிறார்கள். வேலை இவ்வளவே. ஆனால், எந்தப் பொடியை எங்கே தடவுவது, அது ஏன் ஒட்டுகிறது, ஏன் சில சமயம் கண்ணெதிரிலேயே மறைந்துபோகிறது என்று கேட்கப் புகுந்தால் வேதியியலும் இயற்பியலும் ஒருங்கே எதிரில் வந்து நிற்கும்.

ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம்

பொதுவாகப் பேசுவதைவிட ஒரே எஞ்சினை வைத்துப் பேசினால் விளங்குவது எளிது. பிரிட்டனில் 1954 முதல் 1960 வரை கட்டப்பட்ட '9 எஃப்' வகை நீராவி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். இராபர்ட் ரிடில்ஸ் என்பவரின் தலைமையில் உருவான வடிவம் இது. பத்துப் பெரிய சக்கரங்களின் மேல் நிற்கும்; முக்கியமாகக் கனமான சரக்கு வண்டிகளை இழுப்பதற்கென்று செய்யப்பட்டது. மொத்தம் 251 எஞ்சின்கள் கட்டப்பட்டன. கடைசி எஞ்சின் 1960 மார்ச்சில் ஸ்விண்டன் பணிமனையிலிருந்து வெளிவந்தது. பிரிட்டிஷ் இரயில்வேக்காகக் கட்டப்பட்ட நீராவி எஞ்சின்களில் அதுவே இறுதியானது. எனவே அதற்கு 'ஈவினிங் ஸ்டார்', அதாவது அந்தி விண்மீன், என்று பெயரிட்டுப் பச்சை வண்ணம் பூசினார்கள். மற்றவை யாவும் கறுப்பு.

வெளிவந்த காலத்திலேயே இவற்றுக்கு முடிவு நெருங்கிவிட்டது. நீராவியை விட்டு டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறுவதென்று 1955-லேயே திட்டம் வகுக்கப்பட்டிருந்தது. 'ஈவினிங் ஸ்டார்' ஐந்தே ஆண்டுகள் ஓடி, 1965-இல் ஓய்வு பெற்றது. 1968 ஆகஸ்டில் அந்நாட்டின் முதன்மை இரயில் பாதைகளில் நீராவி எஞ்சின்களின் வழக்கமான ஓட்டமே நின்றுவிட்டது. அந்த இறுதி ஆண்டுகளில் எஞ்சின்களைத் துடைக்க ஆட்கள் கிடைப்பது அரிதாயிற்று. விரைவில் உடைக்கப்படப் போகும் எஞ்சினுக்கு மெருகு எதற்கு என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. ஆகவே, கறுப்பு எஞ்சின்கள் சாம்பலும் பழுப்பும் வெள்ளையும் கலந்த ஒரு நிறத்தை அடைந்தன.

காரணமின்றி அழுக்கில்லை

அழுக்கு கண்டபடி படிவதில்லை. ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணமே அதன் இடத்தையும் வடிவத்தையும் தீர்மானிக்கிறது.

முதலாவது, கரி. நிலக்கரி முழுவதும் எரியாதபோது நுண்ணிய கரித்துகள்கள் புகையோடு வெளியேறுகின்றன. எஞ்சின் முன்னே செல்ல, புகை பின்னே சாய்கிறது. எனவே புகைபோக்கியின் விளிம்பு, கொதிகலனின் மேல்முதுகு, ஓட்டுநர் அறையின் கூரை ஆகிய மேல்நோக்கிய பரப்புகளில் கரி மிகுதியாகப் படிகிறது. பக்கங்களில் அது குறைவு.

இரண்டாவது, சாம்பல். எஞ்சினின் முன்புறத்தில் வட்டக் கதவுடன் இருப்பது புகைப்பெட்டி. நெருப்பிலிருந்து இழுத்து வரப்பட்ட சாம்பல் அதற்குள் சேரும். கதவைத் திறந்து அதை வாரி எறியும்போது கதவின் அடியிலும் முன்தளத்திலும் வெளிர்சாம்பல் நிறம் படியும். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. கொதிகலனைச் சுற்றி வெப்பம் வெளியேறாமல் காக்கும் உறையும், அதன்மேல் மெல்லிய தகடும் உண்டு. புகைப்பெட்டிக்கு அந்த உறை இல்லை. ஆகவே அதன் வண்ணப்பூச்சு சூட்டில் வெந்து மங்கும். துருவும் விரைவில் தோன்றும். கறுப்பு எஞ்சினிலும் புகைப்பெட்டியின் கறுப்பு வேறு, கொதிகலனின் கறுப்பு வேறு.

மூன்றாவது, சுண்ணாம்புத் தடம். கடின நீரைக் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதை நம் வீட்டு அடுப்படியில் பார்த்திருப்பீர்கள். எஞ்சினிலும் அதுவேதான் நிகழ்கிறது. மூடித் திருகுகள், பாதுகாப்பு வால்வு, குழாய்ப் பொருத்துகள் ஆகிய இடங்களில் கசியும் கொதிநீர் கீழ்நோக்கி வழிந்து, சூடான தகட்டின் மேல் ஆவியாகிவிடும். நீர் போய்விடும்; அதில் கரைந்திருந்த சுண்ணம் வெள்ளைக் கோடாக நின்றுவிடும். கோடு கசிவில் தொடங்கி, செங்குத்தாக இறங்கி, மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும்.

நான்காவது, இரும்புத்தூள். வார்ப்பிரும்பாலான பிரேக் கட்டை சக்கரத்தை அழுத்தி உரசும்போது நுண்ணிய இரும்புத்துகள் உதிர்கிறது. ஈரக்காற்றில் அது துருவாகிறது. சக்கரங்களைச் சுற்றியும் அடிச்சட்டத்திலும் காணும் பழுப்பு நிறத்தில் பெரும்பங்கு இதற்கே உரியது. எண்ணெயும் அங்கே உண்டு. எண்ணெயில் தூசி சேர்ந்த இடம் கறுத்துப் பளபளக்கும்.

கடைசியாக, அழுக்கில்லாத இடங்கள். ஏறும்போது கை பற்றும் கம்பியும் கால் படும் படியின் விளிம்பும் தேய்ந்து பளிச்சென்றிருக்கும். அக்காலப் புகைப்படங்கள் சிலவற்றில் இன்னொரு காட்சியையும் காணலாம். எஞ்சின் முழுவதும் அழுக்கில் மூழ்கியிருக்க, ஓட்டுநர் அறையின் பக்கத்தில் உள்ள எண் மட்டும் ஒரு கந்தையால் துடைக்கப்பட்டுத் தெளிவாகத் தெரியும்.

பொடியும் அழுக்கும் ஒன்றே

இனிப் பாஸ்டலுக்கு வருவோம். நிறமிப் பொடி, அதனுடன் சுண்ணப்பொடி அல்லது வெண்களிமண், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க மிகச் சிறிதளவு மரப்பிசின் - மென்பாஸ்டல் கட்டியில் இருப்பவை இவ்வளவே. பிசின் குறைவாக இருப்பதால்தான் கத்தி முனையால் சுரண்டியவுடன் பொடியாக உதிர்கிறது. எண்ணெய்ப் பாஸ்டல் என்று கடைகளில் விற்பது வேறு. அதில் எண்ணெயும் மெழுகும் இருப்பதால் பொடியாகாது. இந்த வேலைக்கு உதவாது.

அந்த நிறமிகள் எவை என்று பாருங்கள். மஞ்சட்காவி, செங்காவி, பழுப்பு ஆகிய மண்ணிறங்கள் யாவும் இரும்பு ஆக்சைடுகள். மஞ்சட்காவியில் நீர் இணைந்திருக்கிறது. அதைச் சுட்டால் நீர் நீங்கிச் சிவப்பாகிறது. செங்கல் சூளையில் மண் சிவப்பதும் இதனால்தான். துருவும் இரும்பு ஆக்சைடே. புதுத் துரு செம்மஞ்சளாகவும் பழைய துரு கரும்பழுப்பாகவும் இருக்கும். கறுப்பு நிறமி பெரும்பாலும் கரி. புகைபோக்கியில் படிவதும் கரி. வெள்ளைக் கட்டியில் உள்ள சுண்ணம் கால்சியம் கார்பனேட். கொதிகலனின் வெள்ளைத் தடத்தில் முக்கியமாக இருப்பதும் அதுவே.

நாம் அழுக்கின் நிறத்தை மட்டும் பூசுவதில்லை. அந்த அழுக்கு எதனால் ஆனதோ அதே பொருளையே வைக்கிறோம்! நம் ஊர்க் கோயில் மதிலில் மாறி மாறி வரும் காவிப் பட்டையும் வெள்ளைப் பட்டையும் இதே இரண்டு பொருள்கள்தாம். மலிவான கட்டிகள் சிலவற்றில் செயற்கைச் சாயம் சேர்ந்திருக்கும். மண்ணிறக் கட்டிகளைத் தேர்ந்து வாங்கினால் துருவின் நிறம் தானே அமைந்துவிடும்.

பொடி ஏன் ஒட்டுகிறது?

பசை இல்லாமல் பொடி எவ்வாறு நிற்கிறது என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். சுழலும் மின்விசிறியின் இறக்கையில் தூசி அப்பியிருப்பதை நினைத்துப் பாருங்கள். அத்தனை வேகத்திலும் அது உதிர்வதில்லை. நெருங்கியிருக்கும் இரு பொருள்களின் மூலக்கூறுகளுக்கிடையே வான் டெர் வால்ஸ் விசை என்னும் மெல்லிய கவர்ச்சி உண்டு. துகளின் விட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் இந்த விசை ஏறத்தாழப் பாதியாகிறது. எடையோ எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. எனவே துகள் நுண்ணியதாக ஆக, எடையை ஒட்டு விசை வென்றுவிடுகிறது.

ஆனால் விரல் பட்டால்? வழவழப்பான பரப்பில் உள்ள துகளை விரல் எளிதில் துடைத்துவிடும். சொரசொரப்பான பரப்பில் நுண்ணிய குழிகள் இருக்கின்றன. அவற்றுள் இறங்கிய துகளை விரல் எட்டுவதில்லை. ஆகையால் பொடி தடவுமுன் எஞ்சினுக்குப் பளபளப்பில்லாத வார்னிஷ் பூசுவது முதல் வேலை. அத்தகைய வார்னிஷில் சேர்க்கப்படும் நுண்ணிய சிலிகாத் துகள்கள் பரப்பைக் கரடாக்குகின்றன. பளபளப்பு மறைவதற்கும் பொடி நிற்பதற்கும் காரணம் ஒன்றே.

வெள்ளை எங்கே போயிற்று?

பொடி நிலைத்திருக்க அதன்மேல் மீண்டும் வார்னிஷ் தெளிப்பது வழக்கம். அப்போது ஒரு வியப்பு காத்திருக்கும். துருவும் கரியும் சற்றுக் கருமை அடைந்தாலும் அப்படியே இருக்கும். பாடுபட்டு வரைந்த சுண்ணாம்புத் தடம் மட்டும் கிட்டத்தட்டக் காணாமற் போய்விடும்!

திருநீற்றை நீரில் குழைத்துப் பூசியவுடன் அது மங்கலாகத் தெரியும். நீர் உலர உலர வெண்மை எழும். சுவருக்கு அடித்த சுண்ணாம்பும் இப்படித்தான். சுண்ணத் துகள் தனியே பார்த்தால் நிறமற்றது. காற்றிலிருந்து துகளுக்குள்ளும், துகளிலிருந்து காற்றுக்கும் மாறும் ஒவ்வோர் எல்லையிலும் ஒளி வளைந்தும் தெறித்தும் சிதறுவதால்தான் பொடி வெள்ளையாகத் தோன்றுகிறது. இந்தச் சிதறல் இரு பொருள்களின் ஒளிவிலகல் எண்களுக்குள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. காற்றின் எண் 1. சுண்ணத்தின் எண் ஏறக்குறைய 1.6, வார்னிஷின் எண் சுமார் 1.5. துகள்களைச் சுற்றியிருந்த காற்றின் இடத்தில் வார்னிஷ் புகுந்துவிட்டால் வேறுபாடு மிகவும் குறைகிறது, ஒளி சிதறாமல் ஊடுருவிச் செல்கிறது, வெள்ளை மறைகிறது. இரும்பு ஆக்சைடும் கரியும் ஒளியை விழுங்குவதால் நிறம் பெறுபவை. அவற்றுக்கு இந்த ஆபத்து குறைவு.

ஆகவே, வெள்ளைத் தடத்தை வார்னிஷ் தெளித்தபின் எல்லாவற்றுக்கும் இறுதியில் வைத்து, அதன்மேல் எதுவும் பூசாமல் விட்டுவிடுவதே தக்க வழி. டைட்டானியம் டைஆக்சைடு கலந்த வெண்பொடியையும் பயன்படுத்தலாம். அதன் ஒளிவிலகல் எண் 2.5-க்கும் மேல் என்பதால் வார்னிஷிலும் வெண்மை நிற்கும்.

அளவு மறவாதீர்

பிரிட்டனில் பெரிதும் வழங்கும் மாதிரிகள் மெய்யான எஞ்சினின் 76-இல் ஒரு பங்கு அளவு கொண்டவை. சுமார் 20 மீட்டர் நீளமுள்ள '9 எஃப்' எஞ்சின், மாதிரியில் ஏறத்தாழ 26 சென்டிமீட்டர். அதை 30 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பது, மெய்யான எஞ்சினை 23 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்குச் சமம். அந்தத் தொலைவில் 6 அல்லது 7 மில்லிமீட்டருக்குக் குறைந்த கறையை நல்ல கண்ணும் பிரித்தறியாது.

இப்போது ஒரு கணக்கு. மாதிரியின் மேல் 0.05 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு துகள், மெய்யான எஞ்சினில் சுமார் 4 மில்லிமீட்டர், அதாவது ஒரு பாசிப்பயறு அளவு. எஞ்சின் மேல் பாசிப்பயறு அளவில் கரி அப்பியிருக்குமா? ஆகவே பொடியை நன்கு அரைத்து மெல்லிய துணியில் சலித்துக்கொள்வது அவசியம். 1 மில்லிமீட்டர் துருப்புள்ளி மெய்யில் ஏழரைச் சென்டிமீட்டர் ஓட்டையாகிவிடும். சிட்டிகையில் பாதி எடுத்துத் தடவுங்கள். போதாவிட்டால் பிறகு சேர்க்கலாம்.

செய்யும் முறை

1. மேற்கூட்டைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். தூசியையும் விரல் எண்ணெயையும் மென்மையான துணியால் நீக்குங்கள். கடுமையான கரைப்பான்கள் அச்சிட்ட எண்ணையும் கரைத்துவிடும்.

2. கண்ணாடிச் சன்னல்களையும் சக்கரங்களின் ஓடும் பரப்பையும் மறைத்துவிட்டு, மங்கல் வார்னிஷை மெல்லிய இரு பூச்சாகத் தெளித்து ஒரு நாள் உலரவிடுங்கள்.

3. கட்டிகளை உப்புத்தாளில் தேய்த்து, நிறத்துக்கு ஒரு கிண்ணமாகப் பொடி செய்யுங்கள். ஒரே நிறத்தைத் தனியாகப் பயன்படுத்தாமல் சிறிது கலந்துகொண்டால் இயல்பாக இருக்கும்.

4. அடிச்சட்டத்துக்குப் பழுப்பு, புகைப்பெட்டிக்குச் சாம்பலும் சிறிது துருவும், மேல்முதுகுக்குக் கரி என்ற வரிசையில் செல்லுங்கள். பக்கங்களில் தூரிகை எப்போதும் மேலிருந்து கீழே செல்லட்டும். மழையும் கசிவும் அவ்வழியேதான் இறங்கும்.

5. மிகுதியானதை ஈரப்பஞ்சு சுற்றிய குச்சியால் எடுங்கள். கைப்பிடியையும் எண்ணையும் அதே குச்சியால் துடைத்துவிடுங்கள்.

6. மிக மெல்லியதாக வார்னிஷ் தெளியுங்கள். உலர்ந்தபின், கசிவு எங்கே இருக்கும் என்று யோசித்து, அங்கிருந்து தொடங்கி வெள்ளைக் கோடுகளை இழுங்கள். எண்ணெய்க் கறைக்குப் பொடி கூடாது. கறுப்பு வண்ணத்தோடு பளபளப்பு வார்னிஷைத் தொட்டு வையுங்கள்.

சில எச்சரிக்கைகள்

மாதிரி எஞ்சின் தண்டவாளத்திலிருந்து சக்கரங்கள் வழியே மின்சாரம் பெறுகிறது. சுண்ணப்பொடி மின்சாரத்தைக் கடத்தாது. சக்கர விளிம்பில் படிந்தால் எஞ்சின் தயங்கித் தயங்கி ஓடும். பற்சக்கரத்தின் மசகில் பொடி கலந்தால் உப்புத்தாளைப் போல் அரித்துவிடும். கறுப்புப் பொடிகளில் சில இரும்பின் காந்த ஆக்சைடால் ஆனவை. அவை மோட்டாரின் காந்தத்தை நாடிச் செல்லும். பொடியைத் தாளில் கொட்டி, அடியில் ஒரு காந்தத்தை நகர்த்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது உங்கள் நுரையீரல். 0.01 மில்லிமீட்டருக்குக் குறைந்த துகள்கள் மூச்சோடு உள்ளே ஆழமாகச் செல்லக்கூடியவை. மிஞ்சிய பொடியை வாயால் ஊதாதீர்கள். முகமூடி அணியுங்கள், மேசையை ஈரத்துணியால் துடையுங்கள். ஈயமோ காட்மியமோ கலந்த நிறமிகளைத் தவிர்த்துவிடுங்கள். வார்னிஷைக் காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகில் இல்லாதபோது தெளியுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

விலையுயர்ந்த மாதிரி எஞ்சின் இல்லையே என்று வருந்த வேண்டாம். கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ஒன்றை எடுத்து, பாதியை உப்புத்தாளால் தேய்த்துக் கரடாக்குங்கள். வகுப்பறைச் சாக்குக்கட்டித் தூளையும் செங்கற்பொடியையும் இரு பாதிகளிலும் தடவி, விரலால் ஒரு முறை துடையுங்கள். எந்தப் பாதியில் எவ்வளவு நிற்கிறது? பிறகு இரண்டு பொடிகளின் மேலும் ஒவ்வொரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள். வெள்ளை மங்கி மறைய, சிவப்பு நிற்பதைக் காண்பீர்கள். மேலே கூறிய இரண்டு விதிகளையும் ஐந்தே நிமிடத்தில் சோதித்துவிட்டீர்கள்.

அடுத்த முறை இரயில் நிலையம் செல்லும்போது எஞ்சினை அழுக்குக்காகவே ஒரு முறை பாருங்கள். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே மலைப்பாதையில் இன்றும் நீராவி எஞ்சின் ஏறுகிறது. அங்கே செல்ல வாய்த்தால், நீர் எங்கே கசிகிறது, புகை எங்கே படிகிறது, கை எங்கே தேய்த்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் பொழுதுபோக்குக்கு மேற்பட்ட பயனும் உண்டு. '9 எஃப்' எஞ்சின்கள் 251-இல் எஞ்சியிருப்பவை ஒன்பது. பாதுகாக்கப்படும் எஞ்சினைத் துடைத்து மெருகேற்றி வைப்பதே முறை. துருவை விட்டுவைத்தால் எஞ்சினே அழிந்துவிடும் அல்லவா? ஆனால் அந்த மெருகின் அடியில், அது ஓடிய நாளின் தோற்றம் மறைந்துபோகிறது. கரியை வாரிப்போட்ட ஃபயர்மேனும், சாம்பலை அள்ளிய தொழிலாளியும், ஒருநாள் ஓட்டுநர் ஆகலாம் என்ற நம்பிக்கையில் கிளீனராகச் சேர்ந்து எஞ்சின் துடைத்த இளைஞனும் விட்டுச்சென்ற தடங்கள் அவை. பழைய புகைப்படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. நிறத்தை அவை சொல்வதில்லை. காரணம் அறிந்து அழுக்கேற்றிய ஒரு சிறு மாதிரி, அந்தக் குறையை நிறத்தோடு நிரப்புகிறது. ஆகவே பொடியைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் கறை இங்கே எப்படி வந்திருக்கும்? விடை தெரிந்தால் தூரிகையை எடுங்கள். தெரியாவிட்டால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.